மூலைப் பழம்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் அப்பாவைச் சமையலறைத் தரையில், எண்பது சப்போட்டாவுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிவிட்டேன். முதுகு வலிக்காரரை இப்படியா விட்டுவிட்டுப் போவது என்று நீங்கள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அவரை உட்கார வைத்தது நானல்ல, அவர் மனைவி. அந்த அம்மாள் உட்கார் என்றால் நானும் உட்கார்ந்துதான் இருப்பேன்.

இந்த வாரம்தான் இந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. இவர்களை மகள் கூப்பிடுகிறபடியே அப்பா, அம்மா என்று நானும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஒரு பழக் கூடத்தில் லோடுமேன். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் கிரேன். அம்மா அதே கூடத்தில் மேஜை முன்னால் நின்று சப்போட்டாவைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறவள். மகள் அங்கேயே ஆபீசில், எந்த லாரி எங்கே போகிறது என்று கம்ப்யூட்டரில் தட்டுகிறாள்.

அடுக்கியது யார் என்று தெரிவதற்காக ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு நம்பர் சீட்டு போகும். அம்மாவின் பெட்டியில் பதினேழு. ஆனால் பெரிய நோட்டில் பதினேழுக்கு நேரே இருப்பது அப்பாவின் பெயர்.

அதுதான் வினை. தூரத்து நகரத்தில் ஒரு மொத்த வியாபாரி பதினொரு வருடமாகப் பதினேழாம் நம்பர் பெட்டியைக் கேட்டுக் கேட்டு வாங்குகிறார். இப்போது தன் ஊரிலேயே ஒரு கூடம் கட்டிவிட்டார். தரம் பார்க்கிற மேஸ்திரியாகப் பதினேழை அனுப்புங்கள் என்று மேனேஜருக்குப் போன் செய்தார். மேனேஜர் நோட்டைப் புரட்டினார், நேரே வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார்.

அது நான் இல்லை என்று அப்பா அன்றைக்கே சொல்லியிருப்பார். அம்மா விடவில்லை. அப்பாவின் முதுகெலும்பில் தேய்மானம், இனிமேல் சுமை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. தூக்காத லோடுமேனுக்கு அடுத்த பருவத்தில் வேலை இல்லை என்று மேனேஜரும் சொல்லியாகிவிட்டது. மேஸ்திரி வேலையோ நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிற வேலை. இரண்டு அறை வீடும் தருகிறார்கள். அம்மாவுக்கு அந்த நாற்காலி தெரிந்தது, அதில் அப்பா முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

வியாபாரி நேரில் வந்து ஒரு பெட்டி அடுக்கச் சொல்லிப் பார்ப்பாராம். அதனால் ஒரு வாரமாக வீட்டில் பள்ளிக்கூடம் நடந்தது. இன்றைக்குப் பரீட்சை.

விடிந்தும் விடியாமலும் அம்மா கடைசிப் பாடத்தை ஆரம்பித்தாள். கழித்துப் போட்ட காய்கள் ஒரு கூடை. எதிரே ஒரு பழைய அட்டைப் பெட்டி.

சப்போட்டாவிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. பிஞ்சானாலும் சரி, முற்றினாலும் சரி, பழுத்தாலும் சரி, முகத்தில் எதையும் காட்டாது. அதே மண் நிறம்தான். கண்ணை நம்பினால் ஏமாந்தோம். காம்போரத்தில் நகத்தால் துளியூண்டு சுரண்ட வேண்டும். பச்சை தெரிந்தால் பிஞ்சு, ஒருநாளும் பழுக்காது. மஞ்சள் தெரிந்தால் முற்றியது. முற்றியதிலும் எது நாளைக்குப் பழுக்கும், எது மூன்றாம் நாள் என்பதைக் கட்டைவிரல் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் காய் அடி அடுக்கு. இரண்டாம் நாள் நடு அடுக்கு. நாளைக்குப் பழுப்பது மேலே. அப்படி அடுக்கினால் வியாபாரி மூன்று நாளும் நிதானமாக விற்கலாம்.

அம்மாவுக்கு இப்போதெல்லாம் நகமே தேவையில்லை. உருட்டிப் பார்த்தால் போதும். அப்பாவின் கட்டைவிரலோ இருபத்தாறு வருடம் பெட்டி தூக்கிக் காய்த்துப்போனது.

"அழுத்தாதீங்க. தொட்டாப் போதும்."

"தொட்டா ஒண்ணும் தெரியலையே."

"தூங்கற குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாப்பீங்கல்ல, அந்த மாதிரி."

அப்பா அப்படித் தொட்டார். மகள் சின்னவளாக இருந்தபோது நெற்றியைத் தொட்ட நினைப்பு வந்ததோ என்னவோ, அந்தக் காயைச் சரியாக இரண்டாம் நாள் என்று சொல்லிவிட்டார். அம்மா சிரித்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மகள் கதவோரம் நின்று பல் தேய்த்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்தாள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பாவுக்கு வேலை கிடைக்கக்கூடாது என்றில்லை. அம்மாவின் விரலுக்கு வந்த அழைப்பை அம்மாவே மடித்து அப்பா சட்டைப்பையில் வைப்பதைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் வாய் திறக்கமாட்டேன் என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாகிவிட்டது.

"உனக்குக் கூப்பிட்டாங்கம்மா. உன்னைத்தான் கூப்பிட்டாங்க," என்று மட்டும் சொன்னாள்.

"நம்பரைக் கூப்பிட்டாங்க. நம்பர் அவரோடது," என்றாள் அம்மா. கூடையிலிருந்து அடுத்த காயை எடுத்து அப்பா கையில் வைத்தாள்.

அந்த நம்பர் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. கல்யாணமான மூன்றாம் மாதம் இருவரும் ஒரு டிரங்குப் பெட்டியோடு கூடத்து வாசலில் வந்து நின்றார்கள். அப்போது கூடம் என்றால் நாலு கம்பமும் ஒரு தகரக் கூரையும்தான். அட்டைப் பெட்டி கிடையாது, மரப்பெட்டிதான். உள்ளே வைக்கோல். ஆணி அடிக்கிற சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். ஈர வைக்கோலும் சப்போட்டாப் பாலும் கலந்த அந்த வாசனை இப்போது எங்கேயும் கிடையாது. எனக்கே ஏக்கமாக இருக்கிறது, அவர்களுக்கு எப்படி இருக்கும்.

டோக்கன் அப்போது குடும்பத்துக்கு ஒன்று. காய் தொட்டியில் காத்துக்கிடந்ததால் வந்த பெண்களை நேரே தண்ணீர்த் தொட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். லாரி இன்னும் வராததால் ஆண்கள் வரிசையில் நின்று டோக்கன் வாங்கினார்கள். பதினேழு என்று பொறித்த தகர வட்டம் அப்பா கைக்கு வந்தது, அவர் பெயர் நோட்டில் ஏறியது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. யார் கை சும்மா இருந்ததோ அந்தக் கையில் கொடுத்தார்கள். அம்மாவின் கை அன்றிலிருந்து இன்றுவரை சும்மா இருந்ததில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தகர வட்டம் இன்னும் அப்பாவின் சாவிக்கொத்தில் தொங்குகிறது. நம்பரில் ஏழு மட்டும் பாதி தேய்ந்துவிட்டது.

பத்து மணிக்குக் கூடம் முழு வீச்சில் இருந்தது.

தரையில் குறுக்காக ஒரு மஞ்சள் கோடு. எப்போதோ ஒரு தள்ளுவண்டி யாரோ ஒரு பெண்ணின் காலில் ஏறியதால் போட்ட கோடு. இந்தப் பக்கம் தொட்டி, மேஜை, பெண்கள். அந்தப் பக்கம் தராசு, டேப், போன், லாரி, ஆண்கள். லாரிக்கும் லாரிக்கும் நடுவே இளைப்பாற ஆண்கள் பக்கம் ஆறு ஸ்டூல் உண்டு. காய்க்கும் காய்க்கும் நடுவே இடைவெளி ஏது, அதனால் பெண்கள் பக்கம் ஸ்டூலும் இல்லை. தள்ளுவண்டிக்குப் போட்ட கோடு நாளாவட்டத்தில் மனிதர்களுக்கும் ஆகிவிட்டது.

அம்மா அடுக்கி முடித்ததும் தூசி விழாமல் மூடியை மடித்து உருளையில் தள்ளிவிடுவாள். பெட்டி கோட்டைத் தாண்டி வரும். அங்கே டேப் ஒட்டி அப்பா தோளில் ஏற்றுவார். இருபத்தாறு வருடம் இப்படித்தான்.

போன மாதம் ஒரு தமாஷ் நடந்தது. புதிதாக மெஷின் வரப்போகிறது, தரம் பிரிப்பது பற்றி நாலு நாள் பயிற்சி, மதியச் சாப்பாட்டோடு, என்றார்கள். டோக்கன்காரர்கள் வரலாம். பதினொரு பேர் போனார்கள், பதினொருவரும் லோடுமேன்கள். நாலாம் நாள் திரும்பி வந்து, சுரண்டினால் மஞ்சளா இருக்கணுமா பச்சையா இருக்கணுமா என்று அவரவர் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். மேஜைப் பக்கம் இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பதினொரு மணிக்கு வியாபாரி வந்தார். பெரிய ஆளாக இருப்பார் என்று மகள் நினைத்திருந்தாள். ஒல்லியாக, தோளில் பை மாட்டிக்கொண்டு, ரிட்டயரான வாத்தியார் மாதிரி ஒருவர் இறங்கினார். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஸ்பூன். சப்போட்டாவை இரண்டாக வெட்டி ஸ்பூனால் சுரண்டித்தான் ருசி பார்ப்பாராம்.

மேனேஜர் பரபரப்பாக நாற்காலி இழுத்துப் போட்டார். மகளை நோட்டோடு வந்து நிற்கச் சொன்னார். அப்பா குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை போல முழித்துக்கொண்டு நின்றார். தொட்டியிலிருந்து ஒரு கூடை காய் வந்தது. ஒரு காலிப் பெட்டி வந்தது. ஒரு பதினேழு சீட்டும் வந்தது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா தலை நிமிரவில்லை. கை மட்டும் காயை உருட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஐந்து நிமிடமாக ஒரே காயை உருட்டுகிறாள் என்பதை மகள் கவனித்தாள்.

அப்பா ஆரம்பித்தார். எனக்கே ஆச்சரியம், அவர் நன்றாகச் செய்தார். மெதுவாகத்தான், ஆனால் நன்றாக. பிஞ்சை ஒதுக்கினார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி தொட்டார். அடி அடுக்கு, நடு அடுக்கு, மேல் அடுக்கு. முப்பத்தாறு காய். கடைசியில் சீட்டை எடுத்து, பெட்டிக்கு நட்ட நடுவில் திருத்தமாக வைத்தார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

வியாபாரி ஒவ்வொரு அடுக்காக எடுத்து அழுத்திப் பார்த்தார், திருப்பி வைத்தார். மேனேஜரின் முகத்தில் சந்தோஷம் வந்துவிட்டது.

"எல்லாம் சரியா இருக்கு," என்றார் வியாபாரி. "ஆனா இது பதினேழு இல்லை."

மேனேஜர் நோட்டை விரித்துக் காட்டினார், பெயரைக் காட்டினார், அப்பாவின் சாவிக்கொத்தை வாங்கித் தகர வட்டத்தையும் காட்டினார். வியாபாரி எதையும் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார். சீட்டை ஏன் நடுவில் வைத்தீர்கள் என்று கேட்டார். வேறெங்கே வைப்பது என்று அப்பா கேட்டார்.

"மூலையில. மூலையில ஒரு காய் இருக்கும். மத்ததெல்லாம் பழுத்தாலும் அது பழுக்காது. கெட்டியா இருக்கும். அது மேலதான் சீட்டு இருக்கும். பதினொரு வருஷமா எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அப்படித்தான். மூணு நாளும் வித்து முடிச்சு, அஞ்சாம் நாள் அது பழுக்கும். அதை நான் யாருக்கும் விக்கறதில்லை. உக்காந்து நான் சாப்பிடுவேன்." அவர் ஸ்பூனைத் தொட்டுக்கொண்டார். "அந்தக் காய் எதுக்குன்னு கேக்கத்தான் நேர்ல வந்தேன்."

அப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. மகளைப் பார்த்தார். அவளுக்கும் தெரியாது. ஒரு வாரப் பாடத்தில் அம்மா இதைச் சொல்லித் தரவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அது வேலையில் சேர்ந்தது என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அது அவள் சொந்த விஷயம்.

ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அடுக்கு நகராமல் இருக்க வைப்பேன் என்று சொல்லியிருந்தால் வியாபாரி நம்பியிருப்பார். நாற்காலியும் வீடும் ஒரு பொய்த் தூரத்தில்தான் இருந்தன. அப்பா கோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அம்மா இப்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்கள், எதையாவது சொல்லுங்கள் என்று அவள் கண் கெஞ்சியது.

"எனக்குத் தெரியாதுங்க," என்றார் அப்பா. "நான் தூக்குறவன். அடுக்குறது என் வீட்டுக்காரி. அவ பெட்டியை இருபத்தாறு வருஷமாத் தூக்குறேன். உள்ள என்ன இருக்குன்னு ஒருநாள் கூடத் திறந்து பாத்ததில்லை."

கூடத்தில் ஓர் உருளை மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

வியாபாரி எழுந்து மஞ்சள் கோடு வரைக்கும் நடந்தார். கோட்டில் நின்றார், தாண்டவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவளும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கோடு வரைக்கும் வந்தாள், தாண்டவில்லை. மேனேஜர் நடுவில் புகுந்து, மேஸ்திரி வேலை என்றால் ஆண்களை அதட்டி வேலை வாங்க வேண்டும், லாரிக்காரனோடு பேச வேண்டும், இந்த அம்மாவுக்கு மேஜையைத் தாண்டிப் பழக்கமில்லை என்று அடுக்கினார்.

"என் கடைக்குப் பெட்டிதான் வருது," என்றார் வியாபாரி. "யாரை யாரு அதட்டினாங்கன்னு வர்றதில்லை."

பிறகு அம்மாவிடம் கேட்டார், வருகிறீர்களா என்று. வந்தால் வேலை அவள் பெயரிலேயே, வீடும் அவள் பெயரிலேயே.

அம்மா சொன்ன பதிலைக் கேட்டு மகளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"அவருக்கு முதுகு சரியில்லைங்க. உக்கார்ற வேலை அவருக்குத்தான் வேணும்."

"நான் கேட்டது உங்களை."

தொட்டியில் காய் ஊறிக்கிடக்கிறது, நேரமானால் தோல் இளகிவிடும் என்று சொல்லிவிட்டு அம்மா மேஜைக்குத் திரும்பிப் போய்விட்டாள். வியாபாரி சிரித்துக்கொண்டார். அவசரமில்லை, ஐந்து நாள் கழித்துப் போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்பா அடுக்கிய பெட்டியையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் மூன்று மணிக்கு, அந்த வியாபாரியின் ஊருக்குப் போகிற லாரி பாதி நிறைந்திருந்தது. டாக்டர் சொன்னது எல்லோருக்கும் தெரியும் என்பதால் இரண்டு இளவட்டங்கள் தூக்கினார்கள். அப்பா லாரிக்குள் நின்று வரிசை மட்டும் பார்த்தார். அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். லாரிக்குள் அப்பாவும் பெட்டிகளும்தான்.

எதிரே பதினேழு. பக்கத்தில் பதினேழு. அட்டையில் மேலேயும் நம்பர் எழுதியிருக்கும். எத்தனை ஆயிரம் தூக்கியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. தோளின் பள்ளத்துக்குத் தெரிந்திருக்கும்.

சாவியின் நுனியால் ஒரு பெட்டியின் டேப்பைக் கிழித்தார். மூடியைப் பிரித்தார். உள்ளே வரிசையாக, ஒன்றோடொன்று உரசாமல், ஒரே சாய்வில் காய்கள். அவ்வளவு அழகாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே திறக்காத ஓர் அறை இருந்ததைப் போல இருந்தது. வலது மூலையில் சீட்டு. சீட்டை நகர்த்தினார். அடியில் ஒரு காய். தொட்டார், அம்மா சொல்லித் தந்த மாதிரி. கல் மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அந்த முதல் பருவத்தில் ஒன்பது நாள் விடாமல் மழை. பறிக்க ஆள் போகவில்லை, காய் வரவில்லை, கூடத்தில் வேலை இல்லை. புதுசாக வந்தவர்களுக்குத் தெரிந்த முகமும் இல்லை. ஒழுகுகிற அறையில் இருவரும் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அம்மா அழுதாள். சமைக்கலாம் என்று அரிசி டின்னுக்குள் கைவிட்டவள் அப்படியே நின்றாள். உள்ளேயிருந்து வாசனை. எப்போதோ பொறுக்கி வந்த ஒரு கெட்டிக் காயை அப்பா அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தார், சுத்தமாக மறந்தும் போயிருந்தார். அது தேனாகப் பழுத்திருந்தது. ஆளுக்குப் பாதி சாப்பிட்டார்கள். கொட்டையைக் கூட இரண்டிரண்டாகப் பங்கு போட்டு வாயில் வைத்துக்கொண்டார்கள். அப்பா அன்றைக்குச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார், எல்லாம் தீர்ந்த பிறகும் ஒன்று இருக்கவேண்டும் என்று. சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவள் பெட்டிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

அப்பா அந்தக் காயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சீட்டைக் காலி மூலையில் திருப்பி வைத்தார். புதிதாக டேப் ஒட்டினார். நாலு மணிக்கு லாரி போய்விட்டது.

சாயங்காலம் வீட்டில் அம்மா அப்பாவோடு பேசவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அறையாது. நேராகப் பேசமாட்டாள், மகள் வழியாகப் பேசுவாள்.

"அவரு முதுகுக்குத் தைலம் தேய்ச்சாராமான்னு கேளு."

"அப்பா, தேய்ச்சீங்களா?"

"தேய்ச்சேன்னு சொல்லு."

மூன்று பேருக்கு நடுவே நாலடி தூரம் கூட இல்லை. மகள் இருவரையும் பார்த்தாள். சத்தியத்துக்குத்தான் வேலை முடிந்துவிட்டதே என்று மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டாள். அப்பா பொய் சொல்லவில்லை என்று கோபமா, இல்லை உண்மை வெளியே வந்துவிட்டது என்று பயமா என்று கேட்டாள்.

பயம்தான் என்றாள் அம்மா. மேஜையைத் தவிர வேறெங்கேயும் நின்றதில்லை. நாற்காலி என்றதும் அதில் அவரை வைத்துப் பார்க்க முடிந்தது, தன்னை வைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு வாரமாகப் பாடம் எடுத்ததுதான் அவள் வாழ்க்கையிலேயே அதிகமாகப் பேசிய வாரம். அது நன்றாக இருந்தது, ரொம்ப நன்றாக இருந்தது, அதுவும் பயமாக இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவள் போல எழுந்து அரிசி எடுக்கப் போனாள். டின்னைத் திறந்து படியை விட்டாள். படி எதிலோ இடித்தது. கையை விட்டுத் துழாவினாள். கை நின்றுவிட்டது.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காயை வெளியே எடுக்காமலே கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள் அம்மா. அவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முகம் கலங்கிவிட்டது. காலையிலிருந்து இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மகளை விட்டுவிட்டு நேராகவே கேட்டாள்.

"இது என் காய். எங்கேருந்து எடுத்தீங்க?"

"லாரியில."

"எந்தப் பெட்டி?"

"முன் வரிசை. மேல இருந்து ரெண்டாவது."

"அப்ப அந்த மூலை?"

"சீட்டு இருக்கு," என்றார் அப்பா.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் பதினேழாம் நம்பரில் ஒரு காய் குறைந்ததாக ஒரு புகார் வந்ததில்லை. இப்போது முப்பத்தைந்து காயோடு ஒரு பெட்டி, மூலையில் ஒரு பள்ளத்தோடும் சீட்டோடும், ராஜா மாதிரி லாரியில் போய்க்கொண்டிருக்கிறது. அதுவும் யாரிடம்? அந்த மூலையைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிற மனுஷரிடம்.

மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அப்பா. சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டு, ஐயோ என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"அஞ்சு நாள் ஆகாது," என்றாள் மகள். "நாளைக்கே போன் பண்ணிடுவாரு. மேனேஜர் போனுக்குத்தான் வரும். அப்பாகிட்டக் குடுக்கச் சொல்லட்டுமா?"

அப்பா சாவிக்கொத்திலிருந்து தகர வட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். வளையம் துருப்பிடித்து இறுகியிருந்ததால் வரமாட்டேன் என்றது. கடைசியில் பல்லால் நெம்பிக் கழற்றி, அம்மா பக்கமாகத் தரையில் வைத்தார்.

அம்மா அதை உடனே எடுக்கவில்லை. முதலில் காயை அரிசிக்குள் இன்னும் ஆழமாகப் புதைத்தாள். மேலே அரிசியைத் தள்ளிச் சமப்படுத்தினாள். மூடினாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, பதினேழை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"அவருகிட்ட வேணாம்," என்றாள். "நானே பேசறேன். மூலையில இருந்தது இங்க எங்க வீட்டுல பழுக்குது, வேணும்னா வந்து சாப்பிடுங்கன்னு சொல்றேன். வேலைக்கு வர்றீங்களான்னு மறுபடி கேட்டா, அதுக்கும் நானே பதில் சொல்லிக்கறேன்."